கோப்பி கடிக்கவில்லை

1

நாலு வருஷமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கார்த்திகைக்கு விளக்கைத் துலக்கிப் பொட்டு வைக்கும்போதெல்லாம், "இந்த வருஷம் எழுதிடு வசந்தா" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். திரியை ஏற்றிக் கும்பிட்டு எழுந்ததும் தைரியம் போய்விடும். ஏனென்றால் நான் சொல்லவேண்டியது ஒரு குத்துவிளக்கைப் பற்றியது. நான் பத்தாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். விளக்கைக் குறை சொல்லி எழுதினால் சாமி குத்தம் ஆகுமோ என்று ஒரு பயம். சொந்தக்காரர் பகை வேண்டாம் என்று இன்னொரு பயம்.

போன வாரம் அறந்தாங்கியிலிருந்து என் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். "சிங்கப்பூரில் அதிர்ச்சி! விருது விழா மேடையில் நாய் வெறி பிடித்துச் சிறப்பு விருந்தினரைக் கடித்துக் குதறியது. பெற்றோர்களே உஷார், குழந்தைகளை நாயிடம் விடாதீர்கள். அனைவருக்கும் பகிரவும்." கீழே கும்பிடும் கை. அதற்கும் கீழே அண்ணன், "நீ இருக்குற ஊர்தானே, பாத்து இரு தங்கச்சி" என்று போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. அந்த மேடைக்குப் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றவள் நான். அந்த நாயின் பேர் கோப்பி. அது யாரையும் கடிக்கவில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். நாங்கள் செம்பவாங்கில் அடுக்குமாடியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குக் கப்பல்பட்டறையில் வேலை. மகள் காவ்யா, அடுத்து மகன் சரவணன். சரவணனுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. சத்தமும் கூட்டமும் ஆகாது. தலையில் யாரும் கை வைக்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றும். ஒரு பிள்ளைக்கு வருஷக்கணக்கில் சீப்பு வைக்க முடியாது, முடி வெட்ட முடியாது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் அசந்து தூங்கும்போது நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, திருடியைப் போல இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் வெட்டுவேன். காலையில் எலி கரம்பினது மாதிரி இருக்கும் தலை. சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து, "பிள்ளைய இப்படியா வச்சிருக்கிறது?" என்பார்கள். ஒரு நாள் வந்து பாருங்கள் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். பழனிக்கு மொட்டை நேர்ந்துக்கொள் என்று மட்டும் ஊரிலிருந்து போன் வரும். மொட்டை போட முடிந்தால் நான் ஏன் இப்படித் திருட்டு வெட்டு வெட்டுகிறேன்?

சரவணன் போகும் பயிற்சி நிலையத்துக்குப் புதன்கிழமைகளில் நாய்களைக் கூட்டிக்கொண்டு தொண்டர்கள் வருவார்கள். சம்பளம் கிடையாது. அதில் ஒருவர் அங்கிள் டான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சீனர். அவருடைய நாய்தான் கோப்பி. காப்பியை இங்கே கோப்பி என்பார்கள். நாய் அந்த நிறம், அதனால் அந்தப் பேர்.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. சின்ன வயதில் அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் ஒன்று கெண்டைக்காலைப் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள். முதல் நாள் நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன்.

கோப்பி ஒரு பச்சை மேல்சட்டை போட்டிருந்தது. அங்கிள் டான் என்னிடம் சொன்னார்: "கிரீன் போட்டா ஒர்க்கிங், ஆண்ட்டி. கழட்டினா ஒர்க் ஃபினிஷ்லா. அப்புறம் அவன் சும்மா நாய்தான்." பச்சைச் சட்டை இருக்கும்வரை அது குரைக்காது, குதிக்காது, யார் காதைப் பிடித்து இழுத்தாலும் அசையாது. ஒரு மணி நேரம் ஆனால் சட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார். அதற்கு மேல் ஒரு நிமிஷம் வைக்க மாட்டார்.

அவர் ஒரு வேலை செய்தார். ஒரு பிரஷ்ஷைச் சரவணன் கையில் கொடுத்துக் கோப்பியின் முதுகைச் சீவச் சொன்னார். அப்படிப் பல புதன்கிழமை போனது. ஒருநாள் நாயை ஒரு இழுப்புச் சீவிவிட்டு, அதே பிரஷ்ஷால் தன் தலையையும் ஒரு இழுப்புச் சீவிக்கொண்டான் என் மகன். நான் கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். நாய் முடி ஒட்டின பிரஷ் என்று அருவருக்கவும் தோன்றவில்லை. முருகா என்று சத்தம் போட்டே சொல்லிவிட்டேன்.

அடுத்து கத்தரிக்கோல். லிட்டில் இந்தியாவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ராஜு தம்பியிடம் பேசி, ஒரு புதன்கிழமை நிலையத்துக்கே வருவதாக ஏற்பாடு. கோப்பி பக்கத்தில் படுத்திருக்க, சரவணனுக்கு முதல் முடிவெட்டு. அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிறுதான் விழா வந்தது.

3

இங்கே எங்கள் தமிழர் சங்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தால், அதைவிடப் பெரிதாக அதற்கு விழா நடக்க வேண்டும். காரியம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. தலைவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு இங்கே முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர். அதை அவரே மாசம் ஒரு தடவை ஞாபகப்படுத்துவார்.

"ஆட்டிசப் பிள்ளைகளுக்கு உதவுறவங்களக் கௌரவிக்கப் போறோம் வசந்தா. உனக்குத்தான் ரொம்ப சந்தோஷமா இருக்கணும்" என்றார்.

சந்தோஷம்தான். நான் சமையலுக்கு ஒத்துக்கொண்டேன். பட்டியலைக் கேட்டபோதுதான் விளங்கியது. முதல் பொன்னாடை மண்டப வாடகையில் தள்ளுபடி வாங்கித் தந்தவருக்கு. அடுத்தது ஒலிபெருக்கி கொடுத்தவருக்கு. அப்புறம் நிலையத்துக்குப் பெட்டி பெட்டியாகக் குளிர்பானம் அனுப்பிய கடைக்காரருக்கு. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைத் தொடக்கூட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். சங்கச் செயலாளர் தலைவருக்கும், தலைவர் செயலாளருக்கும் போர்த்திக்கொள்வார்கள். வாராவாரம் வந்து பிள்ளைகளோடு தரையில் உட்காருகிற தொண்டர்கள் எல்லாருக்கும் கடைசி. அவர்களிலும் கடைசி கோப்பி.

"பெரியத்தான், அந்த நாய்க்கு ஒரு மணி நேரம்தான். முதல்லயே முடிச்சு அனுப்பிடலாமே" என்றேன்.

"நாய் முன்னாடியே வந்துட்டுப் போயிட்டா கூட்டம் சாப்பிடப் போயிடும்லா. கடைசியா வந்தாத்தான் எல்லாரும் படம் பிடிக்கப் போனை எடுப்பாங்க."

"சத்தம் வேற..."

"மேளம் இல்லாம தமிழன் விழாவா? கல்யாண மேளமே சொல்லிட்டேன்."

சத்தம் ஆகாத பிள்ளைகளுக்காக உழைத்தவர்களைப் பாராட்ட, எந்தப் பிள்ளையும் உள்ளே உட்கார முடியாத மாதிரி ஒரு விழா. வேறு யாருக்கு இந்த யோசனை வரும்?

4

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபம். பகல் விருந்து. மேடை ஓரத்தில் ஆளுயரக் குத்துவிளக்கு. அது பெரியத்தான் தன் அம்மா நினைவாகச் சங்கத்துக்குக் கொடுத்தது. அடியில் அம்மா பேர் வெட்டியிருக்கும். ஒவ்வொரு விழாவுக்கும் அதைத் துலக்குவது நான். எண்ணெய்த் தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். என் விரலைக்கூடக் கிழித்திருக்கிறது. ராவிவிடலாம் என்று பெரியத்தான் மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். "மாமியார் பேர் போட்ட விளக்குல அரத்தை வைக்கச் சொல்றியா?" என்று கேட்டார் அக்கா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கிள் டான் சொன்ன நேரத்துக்குக் கோப்பியோடு வந்துவிட்டார். பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். சரவணன் காதுகளை மூடும் ஹெட்ஃபோனோடு அவர் பக்கத்தில். பொன்னாடைகள் போய்க்கொண்டே இருந்தன. அறிவிப்பாளர் "தெய்வக் குழந்தைகள், தெய்வக் குழந்தைகள்" என்று மைக்கில் உருகினார். அதே ஆள் அந்த வருஷம் தையில் தன் வீட்டுக் காதுகுத்துக்கு அழைத்தபோது, "சரவணனைப் பாத்துக்க வீட்ல யாராச்சும் இருப்பாங்கல்ல அக்கா?" என்று கேட்டவர்.

ஒரு மணி நேரம் தாண்டி இன்னொரு மணியும் போனது. அங்கிள் டான் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் "ஃபைவ் மினிட்ஸ் அங்கிள்" என்று தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள். கடைசியாக மேடைக்குக் கூப்பிட்டார்கள். அப்போது பெரியத்தான் என்னைக் கை காட்டி அழைத்தார்.

"அந்தப் பச்சைத் துணியக் கழட்டச் சொல்லு. பொன்னாடை அது மேல எப்படி நிக்கும்? போட்டோவும் நல்லா வராது."

"கழட்டக் கூடாது பெரியத்தான். அது இருந்தாத்தான் நாய் அமைதியா இருக்கும்."

"பொன்னாடை போத்துனா மனுஷனே அமைதியாயிடுறான். நாய் ஆகாதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அங்கிள் டான், "நோ லா, நோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ ஒருவர் பின்னாலிருந்து சட்டையின் பட்டையை அவிழ்த்து நாற்காலியில் வீசிவிட்டார். கோப்பியின் வேலை முடிந்துவிட்டது. இனி அது சும்மா நாய். அது பாவம், மேடையில் நிற்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பொன்னாடையைப் போர்த்தினார்கள், அது சரிந்து கண்ணை மூடியது. அதற்கு மேல் ரோஜா மாலை. "வாயில்லா ஜீவனுக்கும் வாகை சூட்டும் நம் சங்கம்!" என்று அறிவிப்பாளர் முழங்க, கெட்டிமேளம் கொட்டியது. சிறப்பு விருந்தினராக வந்த பெரிய வியாபாரி, படத்துக்குக் குனியும்போது கோப்பியின் முன்னங்காலை மிதித்துவிட்டார். அது கத்திக்கொண்டு காலை இழுத்தது. அவர் பின்னால் சாய்ந்து, பிடிமானத்துக்குக் கையை வீசினார். கை போய் விளக்கின் தட்டில் விழுந்தது. அந்தப் பிசிறில்தான். உள்ளங்கையில் ஒரே கோடாக ரத்தம். விளக்குச் சாயாமல் நான்தான் பிடித்தேன்.

"ஐயையோ, நாய் கடிச்சிருச்சு!" என்றார் அறிவிப்பாளர். மைக் வாயருகே இருந்தது. மண்டபம் முழுக்க அதுதான் கேட்டது. அவ்வளவுதான், நாய் கடித்துவிட்டது.

ஜனங்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினார்கள். மேளம் நிற்கவில்லை. மேளக்காரர்களிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்குள் என் மகன், கூட்டம் என்றால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற பிள்ளை, இரண்டு கையாலும் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு படியேறி வந்தான். நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்தான். பொன்னாடையை இழுத்துக் கீழே போட்டான், மாலையை எடுத்தான், சட்டையை மாட்டினான். "கிரீன்" என்றான். கோப்பி அப்படியே அவன் காலடியில் படுத்துவிட்டது.

அறிவிப்பாளர் சொன்னது: "யாருப்பா அந்தப் பையன்? கீழ இறக்குங்க."

5

சுற்றிவருகிற வீடியோவில் நாய் கத்துவது இருக்கும், விருந்தினர் சாய்வது இருக்கும். அதோடு வெட்டிவிட்டார்கள். விளக்கு இல்லை. சரவணன் இல்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் பெரியத்தானைப் பிடித்தேன். "ரத்தம் விளக்குல இருந்துச்சு. என் முந்தானையாலதான் தொடைச்சேன். கை கிழிஞ்ச விருந்தினரே 'விளக்குதான், விளக்குதான்'னு சொன்னாரே?"

"மெதுவா பேசு. மங்கல விளக்குல மனுஷ ரத்தம்னு வெளிய போனா என்ன ஆகும்? எங்கம்மா பேர் இருக்கு அதுல. அவரும் அடுத்த மாசம் புதுக் கடை திறக்கிறாரு. அபசகுனம்னு மனசு விட்டுடுவாரு. நான் பேசிட்டேன், அவருக்கும் அதான் சரின்னு படுது."

"அதுக்காக நாய் மேலயா பழியைப் போடுறது?"

"நாய்க்கு என்ன வசந்தா? பேரு கெட்டுப்போனா அதுக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்களா?"

அக்கா சிரித்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

எனக்கு நாய்க்கடி தெரியும். என் காலில் இன்னும் இருக்கிறது, பல் பதிந்த குழிகள். பிளேடு கீறியது மாதிரி நேர்க்கோட்டில் எந்த நாயும் கடிக்காது. கட்டுப் போட்ட கையோடு, "அந்த நாயை நான் மன்னித்துவிட்டேன்" என்று விருந்தினர் பேட்டி கொடுத்தார். தன்னை மிதித்தவரைக் கோப்பி மன்னித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நிலையத்தில் விதி ஒன்று. ஒரு நாய் மேல் புகார் வந்தால், தீரும்வரை அது வரக் கூடாது. நான் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். "ஆண்ட்டி, காயம் பட்டவரோ விழா நடத்தினவரோ சொல்லணும்" என்றாள். இருவரும் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை சரவணன் நிலையத்து வாசலில் பிரஷ்ஷோடு நின்றான். யாரும் வரவில்லை. ராஜு தம்பியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அங்கிள் டான் பச்சைச் சட்டையை நிலையத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நெவர் மைண்ட் லா ஆண்ட்டி" என்றார். "கோப்பி வாட்ஸ்அப் படிக்கிறதில்ல." சிரித்தார், ஆனால் அவர் கை நாயின் காதை விடவே இல்லை.

6

இதற்குப் பிறகு நடந்ததற்கு விழா இல்லை, மேளம் இல்லை. அதனால் யாருக்கும் தெரியாது.

அங்கிள் டான், "நிலையத்துக்குத்தானே வரக் கூடாது? உங்க புளோக் கீழ நடக்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டார். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், அதனால் மாசக்கணக்கில் புதன்கிழமை மாலை தன் வீட்டிலிருந்து எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு நடந்தே வந்தார், நாயோடு. சரவணன் மறுபடி பிரஷ்ஷைப் பிடித்தான். ஆனால் பச்சைச் சட்டை இல்லாத கோப்பியை அவனுக்குப் பிடிக்கவில்லை. "கிரீன், கிரீன்" என்று தேடினான். அந்த விழாவில் பெண்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் ஒரு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தார்கள். எனக்கு வந்தது கிளிப்பச்சை. போடுகிற மனசில்லாமல் பீரோவில் கிடந்தது. அதை வெட்டி இரண்டு பட்டை வைத்துத் தைத்தேன். சங்கம் அந்த நாய்க்கு உருப்படியாகக் கொடுத்தது அது ஒன்றுதான்.

ராஜு தம்பி தன் விடுமுறை நாளில் லிட்டில் இந்தியாவிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேல் வீட்டு மலாய் அக்கா நாயைத் தொட மாட்டார், அது அவர் மார்க்கம். ஆனால் லிஃப்ட் வாசலில் நின்று, வருகிறவர்களைக் கூட்டம் போடாமல் அந்தப் பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார். ராஜு கத்தரிக்கோலை முதலில் கோப்பியின் காதருகே சும்மா சத்தப்படுத்தினார். அது அசையவில்லை.

"தம்பி, அடுத்து யாரு?" என்றார் சரவணனிடம்.

சரவணன் நாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். முதல் கொத்து முடி சிமெண்டுத் தரையில் விழுந்தது. பாதித் தலை ஆனதும் எழுந்து போய்விட்டான். மீதியை அடுத்த வாரம் வெட்டினோம். ஒரு வாரம் முழுக்கப் பாதித் தலையோடு பள்ளிக்குப் போனான். எனக்கு வெட்கமே இல்லை.

பொன்னாடை போர்த்தவேண்டியவர்கள் என்றால் அந்தத் தளத்தில் நின்றிருந்தார்கள். ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஒரு முடிதிருத்துகிறவர். எங்கள் சங்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் முதலில் போட்டோ எடுத்திருப்பார்.

7

இந்த வருஷ விழா அழைப்பிதழ் வந்திருக்கிறது. முகப்பில் படம் யாருடையது தெரியுமா? பொன்னாடை போர்த்திய கோப்பி. "உயிர்களிடத்து அன்பு" என்று தலைப்பு. ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் கடித்துக் குதறிய நாய், இன்னொரு பக்கம் அழைப்பிதழில் அதே நாய். கடித்த நாயின் படத்தை யாராவது அழைப்பிதழில் போடுவார்களா? இதைக்கூட யோசிக்காமல் எப்படித்தான் தலைவர் ஆகிறார்களோ.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கார்த்திகையும் நான் சும்மா இருந்திருப்பேன். நிலையத்துக்கு இப்போது ஒரு புது நாய் வருகிறது. போன புதன், சிராங்கூனிலிருந்து வரும் ஒரு தமிழ் அம்மா தன் சின்னப் பையனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கை நீட்டினான். "நாய்கிட்டல்லாம் விட மாட்டேன்க்கா. இதப் பாருங்க" என்று போனைக் காட்டினாள். என் அண்ணன் அனுப்பிய அதே செய்தி. நான் நடந்ததைச் சொன்னேன். "நீங்க சொல்றீங்க, ஆனா எல்லாரும் இப்படித்தானே அனுப்புறாங்க?" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். எல்லாரும் அனுப்புவதால்தான் நம்புகிறாள் என்றால், இதையும் எல்லாரும் அனுப்பட்டும். சாமி குத்தத்தைப் பற்றியும் யோசித்துவிட்டேன். பிசிறு இருந்தால் கிழிக்கத்தான் செய்யும், விளக்குக்கு அதில் என்ன பாவம்? எரிகிற விளக்குக்கு முன்னால் நின்று பொய் சொன்னவர்கள்தான் பயப்பட வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என் பேரையும் போடு" என்றார். வீட்டுக்காரர் பேரைச் சொல்லிப் பழக்கமில்லை, போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவ்யாதான் இதைத் தட்டச்சு செய்தாள். "இவ்ளோ லாங்கா யாருமா படிப்பாங்க?" என்று இரண்டு இடத்தில் சுருக்கப் பார்த்தாள். விடவில்லை.

நீங்களும் சுருக்க வேண்டாம். நாய்க்கு வெறியைச் சேர்க்காதீர்கள், என் மகனுக்குத் தெய்வப் பட்டம் சேர்க்காதீர்கள், கும்பிடும் கை போடாதீர்கள். விளக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அண்ணா, முதலில் நீங்கள் அனுப்புங்கள், அந்தச் செய்தியை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம். பெரியத்தானுக்கும் எப்படியும் போய்ச் சேரும். சேரட்டும்.

கோப்பிக்கு வயதாகிவிட்டது. ஒரு கண் வெளுத்துவிட்டது. ஆனாலும் புதன்கிழமை கிளிப்பச்சைத் துணியைக் கட்டிவிட்டால் எழுந்து நிற்கிறது. அது நிற்கும்போதே அதன் பேரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.